மேற்குச் சுவரில் குடியிருந்தவர்கள்

வளையத்துறை மாதா கோயில் மண்டபத்தின் மேற்குச் சுவரில் ஒரு மெக்சிகோ குடும்பம் குடியேறி ஐந்து மாதம் கழிந்திருந்தது. கிறிஸ்துமஸ் நட்சத்திரங்கள் இன்னும் கழற்றப்படாமல் வாசல்தோறும் வெயிலில் வெளுத்துக்கொண்டிருந்த ஒரு முற்பகலில், கயித்தான் உபதேசியாரின் மகள் சலேத்மேரி இருபத்தொன்பது வருடத்துக்குப் பிறகு ஊர் பஸ்ஸிலிருந்து இறங்கினாள். அவளுக்கு நாற்பத்தெட்டு வயது. முன்தலை நரைத்திருந்தது. மணலில் உருளாத சக்கரப் பெட்டியை இழுத்து இழுத்து ஓய்ந்துபோய், கடைசியில் அதை ஒரு பிள்ளையைப் போல இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு நடந்தாள். எங்கே போனாய், யாரோடு இருந்தாய் என்று கேட்பார்கள், பதிலை பம்பாயில் விமானம் இறங்கினதிலிருந்தே யோசித்து வைத்திருந்தாள். ஆனால் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த மீன்காரக் கிழவர் மிக்கேல் தலையை நிமிர்த்திக் கேட்டது வேறு.

"கயித்தான் மவதான? மண்டபத்துக்குப் போயி அவங்களப் பாத்தியாட்டி?"

"யார?"

"சரியாப் போச்சு. அவங்க பாச பேசுத ஊருலதான் நீ இருந்தியாம். உன்கிட்ட சொல்லிக்கிடலையாக்கும்?"

அவர்கள் வந்த விதம் இதுதான். முப்பத்தைந்து வருடத்துக்கு முன்னால் இந்தப் பங்கில் இருந்த ஒரு ஸ்பானியச் சாமியார், ஊரைவிட்டுப் போகும்போது ஒரு புரொஜக்டரையும் நாலு சுருள் படத்தையும் விட்டுவிட்டுப் போனார். மெக்சிகோவில் எடுத்த பழைய கறுப்பு வெள்ளைப் படம். மெழுகுவர்த்தித் தொழிற்சாலை வைத்திருக்கும் எவரிஸ்தோ என்ற கண்டிப்பான அப்பா, ரெமேதியோஸ் என்ற அம்மா, இரண்டு மகன்கள், ஒத்தீலியா என்ற மகள், ஒரு நீளமான சாப்பாட்டு மேசை. ரயில் இஞ்சின் பழுது பார்க்கிற ஒருத்தனை மகள் கட்டிக்கொள்ள, ஈஸ்டர் சாப்பாட்டின் நடுவில் அப்பா அவளை வெளியே போகச் சொல்கிறார், அவள் போகிறாள், நாற்காலி காலியாக இருக்கிறது. வருடாவருடம் பரலோக மாதா திருநாளுக்கு முந்தின மதியம், மண்டபத்து சன்னல்களைத் தார்பாயால் மூடி அந்தப் படத்தை மேற்குச் சுவரில் போடுவது ஊர் வழக்கம். பாஷை யாருக்கும் தெரியாததால், கோயிலில் செபம் சொல்லிக்கொடுக்கிற கயித்தான் உபதேசியார் மைக்கைப் பிடித்துக்கொண்டு எல்லாருடைய பேச்சையும் தமிழில் சொல்வார். சாமியார் அவரிடம் கதையைச் சொல்லிவிட்டுத்தான் போயிருந்தார். முதல் ஆறு வருடம் உபதேசியாரும் உள்ளது உள்ளபடிதான் சொன்னார்.

ஏழாவது வருடம், அவருடைய சொந்த மகள் படகு இஞ்சின் பழுது பார்க்க வந்த ஒரு வெளியூர்க்காரனோடு போன வருடம், கதை மாறிவிட்டது. அந்த வருடத்திலிருந்து ஒத்தீலியா அப்பாவின் கையை முத்திசெய்து ஆசி வாங்கிக்கொண்டு கன்னியாஸ்திரி மடத்துக்குப் போனாள். சுவரில் அந்தப் பெண் கதவை அறைந்து சாத்திவிட்டுப் போவதை ஊர் பார்த்தது, மடத்துக்குப் போகிறாள் என்று மைக் சொன்னதையும் கேட்டது, கேட்டுவிட்டு மிட்டாய் வாங்கித் தின்றுகொண்டு வீட்டுக்குப் போனது. உபதேசியாரிடம் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது ஊர் அவருக்குச் செய்த மரியாதை. அந்த மரியாதை வருடாவருடம் கெட்டிப்பட்டு, அந்தக் கதையை நம்பி இரண்டு பெண் பிள்ளைகள் நிசமாகவே மடத்துக்குப் போய்விட்டார்கள்.

போன ஆகஸ்டில் படம் முடியப்போகிற நேரத்தில் புரொஜக்டர் பல்பு வெடித்தது. தார்பாயை அவிழ்த்தார்கள், வெளிச்சம் வந்தது, சுவரில் படம் அப்படியே இருந்தது. எவரிஸ்தோ கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டு உப்பை எடுக்கச் சொன்னார். சின்ன மகன் எடுத்துக் கொடுத்தான். "பிளக்க உருவுங்கல" என்று யாரோ சொல்ல, பிளக்கை உருவினார்கள். அதற்குப் பிறகும் அவர்கள் சாப்பிட்டார்கள், சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார்கள், ரெமேதியோஸ் தட்டுகளை அடுக்கி எடுத்துக்கொண்டு போனாள், வெறும் மேசை மட்டும் சுவரில் நின்றது. மறுநாள் காலையில் கோயில் மணிக்கு முன்னால் அவள் வந்து மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

பங்குச் சாமியார் ததேயு ஆயருக்கு எழுதினார். வழிபட வேண்டாம், வெள்ளையும் அடிக்க வேண்டாம் என்று பதில் வந்தது. அதற்கு மேல் யாரும் அலட்டிக்கொள்ளவில்லை, கடல் பார்த்த ஊருக்கு எது வந்து ஒதுங்கினாலும் வந்தது வந்ததுதான். கல்யாணப் பந்தியில் அவர்களுக்கு முதுகு காட்டி உட்காரக் கூடாது என்று ஒரு முறை தானாக ஏற்பட்டது. சாவு வீட்டுக்காரர்கள் அவர்களுடைய கறுப்பு உடுப்பைப் பார்த்து, "அவங்களுக்கென்ன, எந்நேரமும் துக்கத் துணிதான்" என்று சொல்லி அவர்களுக்குத் தலை தாழ்த்திவிட்டுப் போனார்கள். உப்புக்காற்றில் சுண்ணாம்பு உதிர்ந்து சின்ன மகனுடைய முழங்கை காணாமல் போனபோது அவன் இடது கையால் சாப்பிடப் பழகிக்கொண்டான். கொத்தனார் வந்து பூசிக்கொடுத்தார், முழங்கை திரும்ப வந்தது, ஆனால் முன்னைவிடக் கொஞ்சம் பருமன். பேச்சும் நிற்கவில்லை. அதனால் கயித்தான் உபதேசியார் தினமும் மதியம் மைக்கைப் பிடித்து அவர்கள் பேசுவதைச் சொல்லிக்கொண்டு வந்தார், எழுபத்தாறு வயதில் அவருக்கு ஊரில் மறுபடியும் ஒரு வேலை இருந்தது.

சலேத்மேரி இறங்கின அன்று அவர் மண்டபத்து வாசலில் மைக் வயரைச் சுற்றிக்கொண்டு நின்றார். அவளைப் பார்த்தார். அவளுடைய பெட்டியைப் பார்த்தார். கூட வந்த மருமகள் பிரகாசியிடம், "வந்தவங்களுக்குக் குடிக்க ஏதாச்சும் குடு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். வந்தவங்க. வேற்றாளுக்குச் சொல்லுகிற பன்மை. மகளின் பேர் அவர் வாயில் வந்து இருபத்தொன்பது வருடம் ஆயிற்று என்று பிரகாசி மைனி அன்று சோறு போட்டுக்கொண்டே சொன்னாள். அண்ணன் கப்பலில் இருந்தான், வீட்டில் இடம் இருந்தது, அவள் தங்கினாள்.

பேரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. மன்னிப்பு கேட்கிற வயதும் கொடுக்கிற வயதும் இரண்டு பேருக்குமே தாண்டிவிட்டது. கூட்டிக்கொண்டு போன மெக்கானிக் நாலாம் வருடம் பம்பாயில் மஞ்சள் காமாலையில் செத்துப்போனான். அங்கே ஒரு மெக்சிகோ வீட்டில் ஆயாவாக இருந்தவளை, ஊருக்குத் திரும்பும்போது அவர்கள் தங்களோடு கூட்டிப் போனார்கள். அந்த வீட்டு அம்மா படுத்த படுக்கையாகி இருபது வருடம் கிடந்தாள், இருபது வருடமும் சலேத்மேரி அவளைக் குளிப்பாட்டி, தலை சீவி, ஊட்டிவிட்டு, ஒருநாள் அவள் செத்ததும் கண்ணை மூடியும் விட்டாள். இவ்வளவு தூரம் அலைந்து வந்தவளுக்கு, சாவதற்கு முன்னால் பெற்றவர் வாயால் ஒரு தடவை தன் பேரைக் கேட்டுவிட்டால் போதும் என்றிருந்தது. அது பெரிய ஆசையாக அவளுக்குத் தோன்றவில்லை. களைத்துப்போனவர்கள் உட்கார ஒரு நாற்காலியைத் தேடுவதுபோல அதைத் தேடினாள்.

மறுநாள் மதியம் மைனியோடு மண்டபத்துக்குப் போனாள். முப்பது நாற்பது பெண்கள் மடியில் வலையும் ஊசியுமாக உட்கார்ந்திருந்தார்கள். சுவரில் சூப் பரிமாறப்பட்டது. எவரிஸ்தோ கரண்டியைக் கீழே வைக்காமல் சொன்னார், அவளுக்கு நன்றாகப் பழகின பாஷையில்: இந்த வீட்டில் அவள் பேரை யாரும் சொல்லக் கூடாது. மைக் சொன்னது: "அப்பா சொல்லுதாரு, மடத்துல இருக்க நம்ம பிள்ளைக்காவ ஆளுக்கொரு செபம் சொல்லுங்க." பிறகு ரெமேதியோஸ் கையை இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியில் துடைத்துக்கொண்டு சுவரின் விளிம்பு வரை வந்தாள், மண்டபத்தில் இருந்தவர்களை ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள், மெதுவாகக் கேட்டாள். மைக் சொன்னது: "அம்மா கூப்பிடுதா. எல்லாரும் எந்திரிச்சு ஒரு மங்கள வார்த்தை செபம் சொல்லுவோம்."

எல்லாரும் எழுந்து செபம் சொன்னார்கள். ரெமேதியோஸ் மரியாதை தெரிந்தவள், முடியும்வரை நின்று கேட்டாள். முடிந்ததும் தலையை ஒருதரம் அசைத்துவிட்டு உள்ளே போனாள்.

அவள் கேட்டது இதுதான்: என் மகளை யாராவது பார்த்தீர்களா?

ஐந்து மாதமாக தினமும் மதியம் அவள் அதைக் கேட்டிருக்கிறாள், ஐந்து மாதமாக தினமும் ஊர் எழுந்து நின்று ஒரே குரலில் ஒரே பதிலைச் சொல்லியிருக்கிறது. இவ்வளவு நீளமான 'இல்லை'யை அந்தத் தாய் வேறெங்கும் கேட்டிருக்க மாட்டாள்.

"என்ன சொல்லுதா?" என்று மைனி கேட்டாள்.

"அப்பா சொல்லுததுதான் மைனி" என்றாள் சலேத்மேரி.

ஏன் அப்படிச் சொன்னாள் என்று பிறகு பல நாள் யோசித்தாள். உண்மையைச் சொன்னால் அவருக்கு மிஞ்சியிருக்கும் மைக்கும் போய்விடும். மைக்கைப் பிடுங்கினவளின் பேரை எந்த அப்பா சொல்வார்? அதனால் வாயை மூடிக்கொண்டு தினமும் போனாள், மற்றவர்களோடு எழுந்து நின்றாள், செபத்தில் அவளுடைய உதடும் அசைந்தது. வாசலில் அப்பாவைக் கடக்கும்போது, "வழி விடுங்க, வந்தவங்க போவட்டும்" என்று அவர் மற்றவர்களிடம் சொல்வார். தை போனது, மாசி போனது.

தவக்காலத்தில் ரெமேதியோஸ் சாப்பிடுவதை நிறுத்தினாள். "ஒருசந்தி இருக்கா" என்று உபதேசியார் விளக்கினார், ஊர் கையெடுத்துக் கும்பிட்டது. ஈஸ்டர் வந்தது. பெண்கள் ஆட்டிறைச்சிக் குழம்பைத் தூக்குவாளியில் கொண்டுவந்து சுவருக்கு முன்னால் திறந்து வைத்து, வாசனையாவது போகட்டும் என்று விசிறிவிட்டார்கள். அவள் சாப்பிடவில்லை. கன்னம் ஒட்டியது. கழுத்தெலும்பு தெரிந்தது. வைகாசியில் அவளுக்குப் பின்னால் இருக்கிற சுவரின் செங்கல் வரி அவள் உடம்புக்குள்ளே தெரிய ஆரம்பித்தது.

"எத்தன நாளைக்கிவே ஒருசந்தி?" என்று மிக்கேல் எல்லார் முன்னாலும் கேட்டார். "உயிர்த்து எழும்பி ஐம்பது நாளாச்சு. கர்த்தரே மீனு தின்னுட்டாரு. இவளுக்கென்ன வந்துச்சு?"

உபதேசியார் வயரைச் சுற்றினார்.

அன்று மைனி அடுக்களையில் சட்டியை இறக்கி வைத்துவிட்டு நேராகக் கேட்டாள். "பிள்ளே, என் முகத்தப் பாத்துச் சொல்லு. அந்த அம்மா செபம் பண்ணச் சொல்லல, அப்படித்தான?"

"இல்ல மைனி."

"என்ன கேக்கா?"

அவள் சொன்னாள். மைனி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அடப்பாவிகளா" என்றாள். "நான் வேற சத்தமாச் சொல்லுவேனே. குரல் நல்லாருக்குன்னு முன்னால நிறுத்துவாவளே."

மறுநாள் காலை பத்து மணிக்கு, மண்டபம் காலியாக இருந்த நேரம் பார்த்து, சலேத்மேரி அப்பாவிடம் போனாள். அவர் மைக்கின் முகத்தைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். சுவரில் ரெமேதியோஸ் ஒரு நாற்காலியைப் பிடித்துப் பிடித்து நகர்ந்து மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அவ என்ன கேக்கான்னு உங்களுக்குத் தெரியுமா?"

அவர் மைக்கைப் பார்த்தே சொன்னார். "தெரியும்."

"அந்தப் பாச உங்களுக்குத் தெரியாதே."

"பாச எதுக்கு?" என்றார். "பன்னெண்டு வருசம் என் வீட்டு வாசல்ல ஒருத்தி இதே மாதிரி வந்து நின்னு கேட்டா. ஐஸ்காரன், கருவாட்டு வியாபாரி, கரண்டுக்குக் கணக்கெடுக்க வாறவன், ஒருத்தன விடமாட்டா. எல்லாவனுக்கும் ஒரே கேள்விதான். நான் பின்னால நின்னுக்கிட்டு, அவளுக்குப் புத்தி பெரண்டு போச்சு, நீங்க போங்கன்னு சொல்லுவேன். அவ கையில செபமாலையக் குடுத்து உள்ள உக்கார வைப்பேன். அந்தக் கையத் துடைக்குத துடைப்பு இருக்கே... அதப் பாத்தாலே தெரியும்."

சலேத்மேரிக்கு அம்மா செத்தது மட்டும்தான் தெரியும். அண்ணன் எழுதின ஒரு கடிதத்தில் ஒரு வரி. வாசலில் நின்றது தெரியாது. அவள் எதிர்ச் சுவரில் சாய்ந்துகொண்டாள். அழுகை வரவில்லை, இருபது வருடம் தூங்காதவள்போல உடம்பு முழுக்க ஒரு கனம் இறங்கியது.

"அவ செத்துருவாப்பா" என்றாள் கடைசியில். "இப்படியே செபம் சொல்லிக்கிட்டிருந்தா இவளும் செத்துருவா."

அவர் மறுபடி மைக்கைத் துடைத்தார். அவள் வெளியே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்தாள். அவர் வெளியே வரவில்லை.

மதியம் பெண்கள் வந்தார்கள். மைனி யாரிடமும் சொல்லவில்லை, ஆனால் எப்போதும் நிற்கும் முன்வரிசையில் நிற்காமல் கதவோரம் போய் நின்றாள். அதைப் பார்த்து ஊருக்கு ஏதோ புரிந்து, ஆண்களும் வந்தார்கள். ததேயு சாமியார் சாப்பாட்டை விட்டுவிட்டு வந்தார். சுவரில் சூப் பரிமாறப்பட்டது. ரெமேதியோஸ் விளிம்புவரை வர வழக்கத்தைவிட அதிக நேரம் ஆனது. கையைத் துடைத்தாள். கேட்டாள்.

பெண்கள் எழுந்து செபத்துக்கு வாயைத் திறந்தார்கள். உபதேசியார் கையைக் காட்டி நிறுத்தினார்.

"இருங்க" என்றது மைக். "அந்த அம்மா... என் மகளப் பாத்தியளான்னு கேக்கா. இன்னைக்கு மட்டுமில்ல. வந்த நாள்ல இருந்து அதத்தான் கேக்கா. நான்தான் உங்கள செபம் சொல்ல வச்சேன்."

செபத்துக்கு எழுந்த பெண்கள் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள், பத்து மாதத்தில் அவர்கள் முந்நூறு செபம் சொல்லியிருந்தார்கள். யாரும் உபதேசியாரைத் திட்டவில்லை. கதவு அறைந்து சாத்தப்பட்டதை அத்தனை திருநாளும் பார்த்துக்கொண்டே மிட்டாய் தின்றவர்கள் யாரைத் திட்டுவது? மிக்கேல் மட்டும் மெல்லச் சொன்னார், "இப்பயாச்சும் யாராவது பதில் சொல்லுங்கடே. பொம்பள நிக்கா."

உபதேசியார் பின்வரிசையில் நின்ற சலேத்மேரியை நோக்கி மைக்கை நீட்டினார். கூட்டம் விலகி வழிவிட்டது. அவர் வாய் திறந்து மூடியது. பேர் வரவில்லை. அவள் மைக்கை வாங்கிக்கொண்டாள். ஒத்தீலியாவை அவள் பார்த்ததில்லை. ஆனால் வாசலில் நிற்கும் ஒரு தாய்க்கு என்ன பதில் வேண்டும் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்?

"பாத்தேன் அம்மா" என்றாள் அந்தப் பாஷையில்.

எவரிஸ்தோவின் கரண்டி நின்றது. மகன்கள் திரும்பினார்கள். ரெமேதியோஸ் சுவரின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, எங்கே என்று கேட்டாள்.

"ரொம்ப தூரத்துல, ஒரு வீட்டுல இருக்கா. அங்க வேற யாரோட அம்மாவையோ குளிப்பாட்டி, தல சீவி விட்டுக்கிட்டு இருக்கா. நல்லாத்தான் இருக்கா. களைச்சிருக்கா. யாரும் வந்து கூப்பிடாததுனால வரல."

ரெமேதியோஸ் அதைச் சூடான பாலைப்போல நிதானமாகக் குடித்தாள். அவளுக்குள் தெரிந்த செங்கல் வரி மங்கி மறைந்தது. இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியை அவிழ்த்து மடித்துக் காலி நாற்காலியின் முதுகில் போட்டாள், ஆணியில் தொங்கின கறுப்புச் சால்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டாள். எவரிஸ்தோ எழுந்து ஏதோ கத்தினார். அவள் கதவைத் திறந்தாள். வெளியே வெள்ளை வெயில் அடித்தது. போய்விட்டாள், கதவைச் சாத்தவும் இல்லை.

"என்ன சொன்ன, அவ போயிட்டா?" என்று பெண்கள் மொய்த்தார்கள். சலேத்மேரி சொன்னதைத் தமிழில் சொன்னாள். கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது உபதேசியார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மைனி மூக்கைச் சிந்தினாள். ததேயு சாமியார் பாதியில் விட்ட சாப்பாட்டுக்குத் திரும்பிப் போனார்.

ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். சுவரில் மூன்று ஆண்கள் காலித் தட்டுகளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். எவரிஸ்தோ மேசையைத் தட்டினார். யாரும் வரவில்லை. மறுபடி தட்டினார். மூன்று மணிக்குப் பெரிய மகன் எழுந்து திறந்த கதவு வழியாக அம்மா போன பக்கமே போனான், நாலு மணிக்குச் சின்னவனும் அந்தப் பருமனான முழங்கையோடு போனான். மண்டபத்தில் உபதேசியாரும் சலேத்மேரியும் மட்டும் ஆளுக்கொரு மூலையில் இருந்தார்கள். மைனி காப்பி கொண்டுவந்து நடுவில் வைத்துவிட்டு நின்றாள்.

எவரிஸ்தோ எழுந்தார். அடுக்களைக்குள் போனார். பானையோ எதுவோ விழுந்து உடைகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் கையெல்லாம் கரியாகத் திரும்பிவந்து, மனைவி நின்ற அதே விளிம்பில் நின்று, மண்டபத்தைப் பார்த்துத் தணிந்த குரலில் ஏதோ கேட்டார்.

உபதேசியார் மைக்கை எடுக்கவில்லை. தலையைத் திருப்பாமல் கேட்டார். "இப்ப அந்த ஆளு என்ன சொல்லுதான்?"

"அடுப்பு எப்படிப் பத்த வைக்கன்னு கேக்கான்."

"யாருகிட்ட?"

"நம்மகிட்டத்தான்."

அவர் தாடையைத் தடவிக்கொண்டார். "எனக்குத் தெரியாதே" என்றார்.

"உங்களுக்கு எப்படி மாமா தெரியும்?" என்றாள் மைனி. "அத்தை செத்து பதினேழு வருசமா நான்தான தூக்குச்சட்டியத் தூக்கிட்டு வாறேன்."

சலேத்மேரி எழுந்து சுவருக்குப் பக்கத்தில் போய் நின்றாள். முட்டி வலித்தது. படுத்துக்கிடந்த ஒரு கிழவிக்காக இருபது வருடம் அந்த ஊர்க் கரியடுப்பைப் பற்ற வைத்தவள். சாம்பலைத் தள்ளு, அடியில் காற்று போக வழி வை என்று அந்தப் பாஷையில் சொன்னாள். எவரிஸ்தோ உள்ளே ஓடி, செய்துவிட்டு வந்து நின்றார். காகிதத்தைச் சுருட்டு, சின்னக் கரியாகப் பார்த்து எடு. மறுபடி ஓடினார். ஓட ஓட அவருக்கு மூச்சு வாங்கியது, கோட்டில் சாம்பல் படிந்தது.

உபதேசியார் தன் நாற்காலியை இழுத்துக்கொண்டு சுவருக்குக் கிட்டே வந்தார். முழங்கையை முட்டியில் ஊன்றிக்கொண்டு, பாடம் கேட்கிறவரைப் போல முன்னால் சாய்ந்தார்.

"எனக்கும் சொல்லு" என்றார். "அவன்கிட்ட வேகமாச் சொல்லுத, ஒன்னும் வெளங்கல. கரி முதல்லயா, காயிதம் முதல்லயா சலேத்து?"